செயின் வண்டிக்கு லாடம்

2022 ஜனவரி 8, சனிக்கிழமை. சாயங்காலம் நாலரை மணி இருக்கும். ஏரிக்குக் கீழே, கதிர் சாய்ந்து கிடந்த சம்பா வயலில் எங்கள் அறுவடை வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பாதி வயல் முடிந்துவிட்டது. நான் வரப்பில் நின்று டிராக்டர்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கமாக மூக்கைத் திருப்பி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கையை விரித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. இடது பெல்ட் அறுந்து, பிழியாமல் போட்ட ஈரத்துணி மாதிரி சேற்றில் தொய்ந்து கிடந்தது.

வானம் மூடிக்கொண்டு வந்தது. மறுநாள் ஞாயிறு. கொரோனா மூன்றாவது அலைக்காக அந்த ஞாயிறு முழு ஊரடங்கு என்று அரசு அறிவித்திருந்தது. ஐந்து நாளில் பொங்கல் வரிசை தொடங்குகிறது. வயல்காரர் எங்களுக்குப் பெரியப்பா முறை. திட்டவில்லை. அறுத்த பாதியையும் அறுக்காத பாதியையும் மாறி மாறிப் பார்த்தார். "புது நெல்லுலதான் பொங்கல் வைக்கணும்னு இருந்தேன்டா" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

அந்த பெல்ட்டுக்குப் பதிலாக நான் வாங்கிய பெல்ட், அதை ஏன் வாங்கியிருக்கக் கூடாது, பிறகு எதை வாங்கினேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். ரப்பர் பட்டையைப் பற்றி இவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதை வாங்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆர்.கே.பேட்டையை வெளியூர்க்காரர்கள் திருத்தணிக்கு அந்தப் பக்கம் என்று அடையாளம் சொல்வார்கள். முழுப்பெயர் ராமகிருஷ்ணராஜு பேட்டை. தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு விசைத்தறிச் சத்தம். நைனாவும், அதாவது அப்பாவும், தறிக்காரர்தான், வீட்டுக்குப் பின்னால் நாலு தறி. தாத்தா வழியில் வந்த இரண்டு ஏக்கரும் இருந்தது. நான் தறியையும் பிடிக்கவில்லை, ஏரையும் பிடிக்கவில்லை. 2019-இல் வங்கிக் கடனும் மனைவியின் நகையும் சேர்த்து, பழைய அறுவடை வண்டி ஒன்றை வாங்கினேன். கதிர் அறுக்க ஆள் கிடைக்காத காலம். அறுப்புக் காலத்தில் சேலம் ஆத்தூர் பக்கத்து வண்டிகள் எங்கள் ஊர் வரைக்கும் வந்து ஓட்டிவிட்டுப் போவதைப் பார்த்து வந்த ஆசை. டிரைவரும் ஆத்தூர் பக்கம்தான்.

அறுவடை வண்டியில் இரண்டு வகை. டயர் வண்டி காய்ந்த வயலுக்கு. செயின் வண்டி ஈர வயலுக்கு. செயின் வண்டி என்று சொல்கிறோமே தவிர அதில் சங்கிலி எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் அகலமான ரப்பர் பெல்ட் ஓடும். செயின் வண்டிக்கு மணி வாடகை கூட. கேட்பவர்களிடம் நான் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. வண்டி சுமார் மூன்று டன். பெல்ட் 45 சென்டிமீட்டர் அகலம். தரையில் படும் நீளம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு பெல்ட்டுக்கும் சேர்த்துப் பரப்பைப் போட்டு எடையை வகுத்துப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோகூட வராது. நாம் நடக்கும்போது ஒற்றைக் காலில் மொத்த எடையும் இறங்குகிறதே, அந்த அழுத்தம் இதைவிட அதிகம். மனிதன் முழங்கால் வரை புதைகிற சேற்றில் மூன்று டன் வண்டி மிதந்து போவது இதனால்தான்.

சேற்றில் சக்கரம் புதைகிற தொல்லையிலிருந்துதான் இந்தப் பட்டை பிறந்ததே. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஸ்டாக்டன் ஊரில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர், ஆற்றுப் படுகையின் பொதபொத மண்ணில் நீராவி டிராக்டர்கள் இறங்கி நின்றுவிடுவதைப் பார்த்து, சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரக்கட்டை கோத்த பட்டையை மாட்டி 1904 நவம்பரில் ஓட்டிப் பார்த்தார். அதன் பேரன்கள்தான் இன்று நம் வயலில் ஓடுபவை.

பெல்ட் வெளியிலிருந்து பார்த்தால் வெறும் ரப்பர். அறுந்த இடத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நீளவாக்கில் மெல்லிய எஃகுக் கம்பிகள், பாவு நூல் மாதிரி வரிசையாக ஓடுகின்றன. அவற்றுக்குக் குறுக்கே, ஊடை மாதிரி, இரும்புக் கட்டைகள். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள குழியில் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரத்தின் பல் விழுந்து இழுக்கிறது. நைனா வந்து பார்த்தார். அறுந்த முனையை இரண்டு விரலால் பிடித்து நிமிண்டினார். துரு கையோடு வந்தது. "பாவு அறுந்து ரொம்ப நாளாச்சுடா. இன்னைக்குத்தான் துணி கிழிஞ்சிருக்கு" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. எங்கேயோ கல்லில் பட்டு ரப்பரில் வெட்டு விழுந்திருக்கிறது. வெட்டு வழியாகத் தண்ணீர் இறங்கி, கம்பியைத் துரு தின்று, ஒவ்வொரு இழையாகப் போய், கடைசியில் சேற்றில் முழு பாரமும் விழுந்த அன்றைக்கு மிச்சமும் போய்விட்டது. வெட்டு கண்ணுக்குத் தெரிந்த அன்றே பெல்ட்டை மாற்றப் பணம் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றாமல் போனது என் முதல் தப்பு.

திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றேன். ஊர், பெயர் வேண்டாம். கடைக்காரர் மூன்று எண் கேட்டார். பெல்ட்டின் உள்பக்கம் அச்சடித்திருக்கும்: 450, 90, 51. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, ஒரு இரும்புக் கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம். மூன்றாவது, சுற்றில் எத்தனை கட்டை என்பது. தொண்ணூறை ஐம்பத்தொன்றால் பெருக்கினால் நாலரை மீட்டர் சொச்சம். அதுதான் பெல்ட்டின் சுற்றளவு. இந்த மூன்றும் பொருந்தாவிட்டால் பெல்ட் வண்டியில் ஏறவே ஏறாது. பொருந்திவிட்டால் மட்டும் சரியான பெல்ட் ஆகிவிடுமா? ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

கடையில் அந்த அளவில் இரண்டு வகை இருந்தது. ஒன்றின் வெளிப்பக்கத்து ரப்பர் கட்டைகள் உயரம். கட்டைக்குக் கட்டை நல்ல இடைவெளி. இன்னொன்றில் கட்டைகள் குட்டை, நெருக்கம், மேல்முகம் அகலம். கடைக்காரர் உயரமானதைத் தட்டிக் காட்டினார். "தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் எல்லாம் இதுதான் போவுது சார். எவ்வளவு சேறா இருந்தாலும் வண்டி நிக்காது" என்றார். விலையும் கொஞ்சம் கம்மி. எனக்குக் கண்ணில் நின்றது சாய்ந்த நெல்லும் சேறும்தான். முந்தின நவம்பரில் பெய்த மழை அப்படி. கொசஸ்தலை ஆறு கரைபுரண்டு, பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கிக் கிடந்த வருஷம். சேற்றைத் தவிர வேறு எதுவும் உலகத்தில் இல்லாத மாதிரி இருந்தது.

"ஜோடியா எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர். வலது பெல்ட் இன்னும் ஓடுகிறதே என்று சொல்லி ஒன்றை மட்டும் வாங்கினேன். "ஸ்ப்ராக்கெட் பார்த்தீங்களா?" என்றும் கேட்டார். பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவர் கேட்காத கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எந்த மண்ணில் ஓட்டுகிறீர்கள்? நானும் சொல்லவில்லை.

பெல்ட் மாட்டுவதை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வயலிலேயே மாட்டினோம். வண்டியின் இடது பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சேற்றில் ஜாக்கி இறங்காமல் இருக்க அடியில் இரண்டு பனங்கட்டை வைத்தோம். ஐட்லர் சக்கரத்தைத் தள்ளிப்பிடிக்கும் டென்ஷன் போல்ட்டைத் தளர்த்தினோம். புது பெல்ட்டை நாலு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை, உருட்டித்தான் கொண்டுவந்தோம். ஸ்ப்ராக்கெட் பல்லில் குழியைப் பொருத்தி, டிரைவர் வண்டியை மெதுவாக அரைச்சுற்று சுற்ற, இரண்டு பேர் கடப்பாறையால் நெம்பி ஐட்லர் மேல் ஏற்றினோம். விளிம்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் வழுக்கி ஏறும். கிரீஸ் போடக் கூடாது, எண்ணெய் ரப்பருக்கு ஆகாது என்று டிரைவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு டென்ஷன். இறுக்கினால் ரோலரும் பெல்ட்டும் சீக்கிரம் தேயும். தளர விட்டால் திரும்பும்போது பெல்ட் கழன்றுவிடும். நடு ரோலருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு, "போதும் ஓனரே" என்றார். ராத்திரி எட்டு மணிக்கு ஹெட்லைட் போட்டு மீதிப் பாதியை அறுத்து முடித்தோம். பெரியப்பா வீட்டில் புது நெல்லில்தான் பொங்கல் பொங்கியது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

எங்கள் பக்கம் நெல்லுக்கு மூன்று பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. சம்பா தை வாக்கில் ஈரத்தில் அறுப்புக்கு வரும். நவரை சித்திரையில், நிலம் வெடித்து இரும்பாகக் கிடக்கும்போது வரும். மண்ணும் ஒரே மாதிரி இல்லை. ஏரிப் பாசனத்தில் கரிசல் கலந்த களி. மேட்டுக்குப் போனால் செம்மண். கரும்பும் வேர்க்கடலையும் மாந்தோப்பும். மலை அடிவாரத்தில் நடந்தால் கால் கட்டைவிரல் பிழைக்காது, அவ்வளவு கல். அறுப்புக்கு எல்லைக் கணக்கும் கிடையாது. 1960 ஏப்ரல் 1 வரை நாங்களும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தோம். அன்றைக்குத்தான் திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பக்கமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கோடு மாறியதே தவிர உறவு மாறவில்லை. நகரிப் பக்கம் மாமன் மச்சான் இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைச்சல். அங்கே இருந்து போன் வந்தால் வண்டி லாரியில் ஏறிவிடும்.

அந்த நவரைக்கு அப்படித்தான் போனது. நகரி மலை அடிவாரத்தில் ஆறு நாள். முதல் நாளே டிரைவர் சொன்னார், "வண்டி வலது பக்கம் இழுக்குது ஓனரே." இடது பெல்ட்டின் கட்டை உயரம், வலது பெல்ட் தேய்ந்து மொட்டை. உயரம் மாறினால் தரையைப் பிடிக்கும் பிடியும் மாறும். ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுங்காலோடும் நடப்பது மாதிரி. நேராகப் போக வேண்டுமானால் கைப்பிடியை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது நாள் வரப்போரம் ரப்பர் துண்டு ஒன்று கிடந்தது. கையளவு. எடுத்துப் பார்த்தேன், புது பெல்ட்டின் கட்டைதான். சேற்றில் உயரமான கட்டை முழுசாக மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும். இறுகிய தரையில் இறங்க வழியில்லை. மூன்று டன்னையும் அந்தக் கட்டைகளின் நுனி மட்டும் தாங்க வேண்டியிருக்கிறது. வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும்போது, கல்லில் நுனி மாட்டி, அடியோடு பிய்ந்து வருகிறது. திரும்பி வருவதற்குள் பதினொரு கட்டை போய்விட்டது. எண்ணினேன். இன்னொரு பக்கம், தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்த பழைய ஸ்ப்ராக்கெட் பற்கள் புது பெல்ட்டின் இரும்புக் கட்டைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தன. கடைக்காரரிடம் சொன்ன பொய் உள்ளே இருந்து அரைத்தது. மீட்டர் கணக்கில் அந்த பெல்ட் 240 மணி நேரம் ஓடியிருந்தது. நல்ல பெல்ட் என்றால் அதற்கு நாலு மடங்காவது ஓடும்.

தாத்தாவின் லாடக்காரர் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தார்.

சோளிங்கர் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். எனக்கு ஏழெட்டு வயது. தாத்தாவிடம் இரண்டு ஜோடி மாடு: ஒன்று ஏருக்கு, ஒன்று வண்டிக்கு. வேர்க்கடலை மூட்டை ஏற்றிப் போகும் வண்டி. ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் எல்லாரையும் ஏற்றித் திருத்தணிக்குப் போவதும் அதே வண்டிதான். தாத்தா ஒரு தடவை ஏர் மாட்டையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போனார். லாடக்காரர் மாட்டைப் பார்க்கவில்லை. தாத்தாவைத்தான் கேட்டார்: "இது எந்தத் தரையில நடக்குது பெரியவரே?" கழனியில் என்றார் தாத்தா. "சேத்துல நடக்குற காலுக்கு எதுக்கு லாடம்? ஓட்டிக்கினு போ. ரோட்டுல போறத மட்டும் கொண்டா."

வண்டி மாட்டைக் கயிறு போட்டுப் படுக்கவைத்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவிச் சமப்படுத்துவார். மாட்டுக் குளம்பு பிளந்தது. அதனால் ஒரு காலுக்கு இரண்டு லாடம். ஒரு மாட்டுக்கு எட்டு, ஜோடிக்குப் பதினாறு. வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். ஆணி சதையில் இறங்கினால் மாடு நொண்டும். குளம்பின் ஓரத்திலேயே போக வேண்டும். அடிக்கு ஒரு தரம் மாட்டின் கண்ணைப் பார்ப்பார். பதினாறையும் முடித்துவிட்டு மாடு எழுந்து நாலு அடி நடக்கும் வரை காசு வாங்க மாட்டார்.

ஒரு வியாபாரி, வந்த கிராக்கியைத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவர் கேட்ட கேள்வியை அந்த ஜனவரியில் கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

2022 அக்டோபரில் சம்பா அறுப்புக்கு முன்னால் மறுபடி பெல்ட் வாங்க வேண்டிய நிலை. அந்தச் சமயத்தில் சித்தி மகன் கனடாவிலிருந்து பேசினான். ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே, சட்பரிப் பக்கம் வேலை. எனக்குத் தம்பி முறை. "இன்னாண்ணா பண்ற?" என்றான். வண்டிக்கு பெல்ட் பார்க்கிறேன் என்றேன். சிரித்தான். "நானும் அதான் பாத்துனு கீறேன்" என்றான்.

அவனிடம் ஒரு பனி வண்டி இருக்கிறது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ஒரே ஒரு ரப்பர் பெல்ட். குளிர்காலத்தில் காட்டுக்குள் அதற்கென்றே பனியை இறுக்கி வழி போட்டு வைத்திருப்பார்களாம். அந்த வழி உறைந்த ஏரிகளின் மேலேயும் போகும். அவனுடைய பழைய பெல்ட் தேய்ந்துவிட்டது. புதிதாக வாங்குவதில் ஆணி வைத்ததா, வைக்காததா என்று யோசனை.

"ஆணியா?" என்றேன்.

படம் அனுப்பினான். ரப்பர் கட்டைகளின் நுனியில், அரிசி முனை மாதிரி சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள். டங்ஸ்டன் கார்பைடு. தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிவிடுகிறார்கள். ஏரிப் பனிக்கட்டி மேலே வெறும் ரப்பர் வழுக்கும். பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது. இந்த ஆணி கீறிப் பிடித்துக்கொள்ளும். பெரிய ஆணி வேண்டுமென்றால் வெறும் பெல்ட்டை வாங்கி, நூறு வாக்கில் ஓட்டை போட்டு நாமே திருகிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு ஓட்டையும் பெல்ட்டுக்கு ஒரு காயம். புதைகிற பொடிப் பனியில் ஓட்டுகிறவனுக்கோ ஆணியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவனுக்கு வேண்டியது இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரமான கட்டை. இறுக்கிய வழியில் ஓட்டுகிறவனுக்கு ஒன்று, ஒன்றேகால் அங்குலம் போதும். உயரமான கட்டையோடு இறுகிய பனியில் ஓட்டினால்?

"பிச்சுக்கும்" என்றேன்.

"உனக்கு எப்பிடிண்ணா தெரியும்?"

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்! பதினொரு கட்டை எண்ணியவன் நான். அவனுக்கும் மூன்று எண்தான்: பெல்ட்டின் சுற்றளவு, அகலம், கட்டையின் உயரம். அவனுடையது 129 அங்குலச் சுற்று, 15 அங்குல அகலம். எங்கள் இருவர் நடுவே பாதி பூமி இருக்கிறது. அவன் பேசியது உறைந்த தண்ணீரைப் பற்றி, நான் பேசியது கலங்கிய தண்ணீரைப் பற்றி. கணக்கு ஒன்றுதான்.

அவன்தான் அந்தக் கதையையும் சொன்னான். கனடாவில் க்யூபெக் மாகாணத்து வால்கோர் என்ற சின்ன ஊரில் ஜோசப்-ஆர்மான்ட் பொம்பார்டியே என்று ஒரு மெக்கானிக் இருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய சின்னப் பையனுக்கு வயிற்றில் சீழ் கோத்துக்கொண்டது. ரோடெல்லாம் பனி மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்துவிட்டது. பனியில் ஓடுகிற வண்டிக்காக அவர் முன்பிருந்தே முட்டி மோதிக்கொண்டிருந்தவர். 1937-இல் ரப்பர் பூசிய பல்சக்கரமும் அது இழுக்கும் பட்டையும் சேர்ந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். பிள்ளைகளைப் பள்ளிக்கும் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கும் ஏற்றிப் போகும் வண்டிகள் அதில் ஓடின. ஒரு ஆள், இரண்டு ஆள் உட்காரும் ஸ்கி-டூ வண்டி 1959-இல்தான் வந்தது. அறுந்து கிடந்த என் பெல்ட்டையும் பல் வளைந்த ஸ்ப்ராக்கெட்டையும் நினைத்துக்கொண்டேன். வழி மறித்த தரையை எதிர்த்து ஒரு தகப்பன் பாடுபட்ட சாமான்கள் அவை.

தம்பி ஆணி வைத்ததையே வாங்கினான். அவன் ஓட்டுவதில் பாதிக்கு மேல் ஏரிப் பனிக்கட்டி என்று கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்தான். நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று வருஷத்து டீசல் நோட்டைப் புரட்டி, எந்தெந்த ஊர், எத்தனை மணி நேரம் என்று பிரித்து எழுதினேன். நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது. முழுச் சேற்றில் ஓட்டியது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் அரை ஈரமும் காய்ந்த தரையும். டெல்டாவுக்குச் செய்த பெல்ட்டை நான் கல்லுக்கு மாட்டியிருக்கிறேன். பெல்ட்டைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தஞ்சாவூரில் அது நன்றாகத்தான் ஓடும்.

இந்தத் தடவை நைனாவையும் கூட்டிக்கொண்டு வேறு கடைக்குப் போனேன். குட்டைக் கட்டை, நெருக்கமானது, ஜோடியாக. ஸ்ப்ராக்கெட்டும் இரண்டு பக்கமும் புதிது. போன தடவை மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தைப் போல மூன்று மடங்கு செலவு. நைனா பெல்ட்டைச் சுற்றி வந்தார். தயாரித்த மாதத்தைப் பார்த்தார். வெயிலில் கிடந்து வெளுத்திருக்கிறதா என்று உள்பக்கம் விரலால் தேய்த்தார். இரும்புக் கட்டையின் ஓரத்தில் ரப்பர் விட்டுப்போயிருக்கிறதா என்று நகத்தால் கீறினார். தறிக்கு மோட்டார் பெல்ட் வாங்குகிற அதே பார்வை. கடைப் பையன், "பெரியவரே, இது கம்பெனி சாமான்" என்றான். "கம்பெனிக்காரன் எங்க ஊரு கல்லைப் பாத்தானா?" என்றார் நைனா.

குட்டைக் கட்டைக்கும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2023 பொங்கலை ஒட்டி ஏரிக்குக் கீழே உள்ள வயலில் இரண்டு இடத்தில் வண்டி வழுக்கி நின்றது. கட்டைகளின் நடுவே களி அடைத்துக்கொண்டு பெல்ட் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. டிரைவர் இறங்கி மண்வெட்டியால் வழித்தார். ஒரு தடவை டிராக்டர் கட்டி இழுக்க வேண்டியிருந்தது. ஆழச் சேறு என்றால் இப்போதெல்லாம் நானே வேறு வண்டிக்காரர் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன். கிராக்கியை விடுகிறாயே என்று மனைவி கேட்டாள். லாடக்காரர் கதையைச் சொன்னேன்.

ஓட்டும் விதத்தையும் மாற்றினோம். நின்ற இடத்தில் திரும்புவதில்லை. இடம் விட்டு வளைத்துத் திரும்புகிறோம். வரப்பை நேராக ஏறுகிறோம், ஓரமாக ஏறினால் பெல்ட்டின் விளிம்பு கிழியும். பத்தடி தார் ரோடாக இருந்தாலும் சாக்கு விரித்துத் தாண்டுகிறோம். சாயங்காலம் தண்ணீர் அடித்துக் கழுவி, வெட்டு விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் டிரைவர் சாப்பிட உட்காருவார். வண்டி நிற்கும் இடத்துக்கு மேலே கூரை போட்டுவிட்டேன். அந்த ஜோடி 1,100 மணி நேரம் தாண்டியும் ஒரு கட்டை பிய்ந்ததில்லை. தேய்ந்தது, அவ்வளவுதான். தேய்வது அதன் வேலை.

பெல்ட் வாங்கப் போகிறவர்கள் இப்போது என்னிடம் கேட்க வருகிறார்கள். எந்தக் கம்பெனி நல்லது என்றுதான் முதல் கேள்வி. அதற்கு எனக்குப் பதில் தெரியாது. உங்கள் டீசல் நோட்டை எடுத்து, போன மூன்று பட்டத்தில் வண்டி எந்தத் தரையில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். ஜோடியாக வாங்குங்கள், ஸ்ப்ராக்கெட் பல்லைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பொய் சொல்லாதீர்கள். நோட்டு இல்லை என்பவர்களுக்கு ஒரே வழிதான் உண்டு. அடுத்த அறுப்புக்கு முன்னால், வண்டி போகப்போகிற வயல்களில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நடை நடந்து வாருங்கள். அப்புறம் கடைக்குப் போங்கள்.

பதினொரு கட்டை இழந்த அந்த பெல்ட்டை வெட்டி, வாய்க்கால் தாண்டும் மண்சரிவில் நைனா பதித்துவிட்டார். மழைக்காலத்தில் டிராக்டர் டயர் அங்கே இப்போது வழுக்குவதில்லை.